நான்கு வினாடிக்கு ஒரு சாட்சி

2025 ஜூன் 26, வியாழக்கிழமை. நண்பகல் பன்னிரண்டரை மணி ஆவதற்குச் சில நிமிடங்களே இருந்தன. அட்லாண்டாவுக்கு வடக்கே ஆல்ஃபரெட்டாவில் ஓர் இந்திய மளிகைக் கடையிலிருந்து வெளியே வந்து, ஒரு கையில் தோசை மாவும் கறிவேப்பிலையும் இருந்த பையுமாக, மறு கையில் வண்டிச் சாவியுமாக, தெற்கு நோக்கி நின்றிருந்தேன். வெயில் கண்ணைக் கூசச் செய்யும் அளவுக்கு அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு நேரே, வண்டிகள் நிறுத்தியிருந்த தரைக்கு அப்பால், ஜார்ஜியாவில் எங்கும் காணப்படும் உயரமான பைன் மரங்களின் வரிசை. அதற்கு மேல் ஓரிரு மேகத் துணுக்குகளோடு நீல வானம். அந்த நீலத்தின் இடப்புறத்தில் திடீரென்று ஒரு வெள்ளை ஒளி தோன்றியது. வெல்டிங் செய்யும் இடத்தில் தெறிக்கும் வெண்மை அது. சாய்ந்து வலப்புறமாக இறங்கி, போகும்போதே பெருத்து, ஒருமுறை பளீரென்று வீங்கி, பைன் மரங்களின் உச்சியை அடைந்தபோது இல்லாமல் போனது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். இரண்டு வண்டிகள் தள்ளி நின்ற, வயதான ஓர் அமெரிக்கப் பெண்மணி என் பக்கம் திரும்பி, "நீங்களும் பார்த்தீர்களா?" என்று கேட்டார். "பார்த்தேன்" என்றேன். இருவரும் சிறிது நேரம் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வேறு எதுவும் பேசாமல் பிரிந்தோம். அவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல் போனேனே என்று பின்னால் பலமுறை வருந்தியிருக்கிறேன்.

அது என்ன என்பதை மாலைக்குள் எல்லாரும் அறிந்துகொண்டோம். ஏறத்தாழ ஒரு மீட்டர் விட்டமும் ஒரு டன்னுக்கு மேல் எடையும் உள்ள ஒரு விண்பாறை மணிக்கு 30,000 மைல் வேகத்தில் காற்று மண்டலத்துக்குள் நுழைந்திருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு என்னும் ஜார்ஜியச் சிற்றூருக்கு மேலே 48 மைல் உயரத்தில் அது முதலில் தென்பட்டு, தென்மேற்காகச் சென்று, 27 மைல் உயரத்தில் சிதறியதாக நாசா கணக்கிட்டுச் சொன்னது. சிதறியபோது வெளிப்பட்ட ஆற்றல் 20 டன் டிஎன்டி வெடிமருந்துக்கு நிகரானது. மின்னல்களைக் கவனிப்பதற்காக வானிலைச் செயற்கைக்கோளில் பொருத்தியிருக்கும் கருவி அந்த ஒளியையும் பதிவு செய்திருந்தது. விழுந்துகொண்டிருந்த துண்டுகள் வானிலை ராடாரில் தெரிந்தன. அவற்றுள் ஒன்று மெக்டொனா என்னும் ஊரில் ஒரு வீட்டின் கூரையையும் உள்கூரையையும் துளைத்துத் தரையில் பள்ளம் பறித்தது. யாருக்கும் காயமில்லை. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஹாரிஸ் அந்தக் கல்லை ஆராய்ந்து, அது 456 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானது, அதாவது நம் பூமியைவிடவும் மூத்தது என்று ஆகஸ்டில் அறிவித்தார்.

இவையெல்லாம் செய்தித்தாளிலேயே இருக்கின்றன. நான் எழுத நினைத்தது வேறொன்று. அந்தக் கல்லைப் பற்றி நான் அடுத்த மூன்று நாட்களில் பலரிடம் சொன்னவற்றுள் எவ்வளவு உண்மை என்ற கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. நான் பொய் சொல்லும் வழக்கம் உள்ளவன் அல்லன். சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அந்தந்த நேரத்தில் முழுமையாக நம்பித்தான் சொன்னேன். என்னைக் கலங்கச் செய்தது அதுதான்.

வியாழன் பிற்பகல் அலுவலகத்தில் நான் சொன்ன கதையும், சனிக்கிழமை இரவு நண்பர் வீட்டு விருந்தில் சொன்ன கதையும் ஒன்றல்ல. இடையில் நான் பார்த்த காணொளிகள் இருபதேனும் இருக்கும். நெடுஞ்சாலையில் சென்ற வண்டிகளின் முன்கண்ணாடிக் கேமராக்களில் பதிவானவை அவை. எல்லாவற்றிலும் ஒளி நேர் மேலிருந்து நேர் கீழே, சாலையின் மேலேயே விழுவது போல இறங்கும். சனிக்கிழமை நான் கையை உயர்த்தி, மேலிருந்து கீழாகக் கோடு இழுத்துக் காட்டினேன். பத்து வினாடி இருக்கும் என்றேன். மரங்களுக்குப் பின்னால், அதிகம் போனால் இரண்டு மைல் தள்ளி, எரிந்துகொண்டே விழுந்தது என்றேன். அப்போது "சர்ர்ர்" என்று ஒரு சத்தம், சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தாற்போலக் கேட்டது என்றும் சொன்னேன். எல்லாரும் வாய் மூடாமல் கேட்டார்கள்.

படிவம் கேட்டவை

அந்த விருந்தில் இருந்த ஒருவர்தான் அமெரிக்க எரிமீன் சங்கத்தின் இணையப் படிவத்தைப் பற்றிச் சொன்னார். தீப்பந்துகளை, அதாவது மிகப் பிரகாசமாக ஒளிரும் எரிமீன்களை, பார்த்தவர்கள் யாராயினும் அதில் தங்கள் சாட்சியத்தைப் பதியலாம். இதே நிகழ்வுக்கு நூற்றுக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே எழுதியிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் ஆர்வத்தோடு திறந்தேன். அந்தப் படிவம் என்ன விழுந்தது, எங்கே விழுந்தது என்று கேட்கவே இல்லை. எங்கே நின்றீர்கள், எந்தத் திசையை நோக்கி நின்றீர்கள், ஒளி முதலில் தெரிந்தபோது எந்தத் திசையில், தொடுவானிலிருந்து எத்தனை பாகை உயரத்தில் இருந்தது, மறைந்தபோது எந்தத் திசையில், எத்தனை பாகையில் இருந்தது, எத்தனை வினாடி நீடித்தது, என்ன நிறம், ஒளியோடு கூடவே சத்தம் கேட்டதா, பிறகு கேட்டதா? இவ்வளவுதான் அதன் கேள்விகள். முதல் கேள்விக்கு மட்டும் தயங்காமல் விடை எழுத முடிந்தது. மற்றவற்றுக்கு என்னிடம் கதை இருந்தது, விடை இல்லை.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு, கடை திறப்பதற்கு முன்பே, அதே இடத்துக்குப் போய் நின்றேன். கைபேசியில் திசைகாட்டி இருந்தது. கையை முழுதாக நீட்டி விரல்களை மடக்கினால் அந்த மூடிய கையின் அகலம் வானத்தில் ஏறத்தாழ பத்துப் பாகை என்பது பள்ளி நாளில் வானியல் ஆர்வலர் ஒருவர் சொல்லித் தந்தது. தொடுவானிலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கையை அடுக்கிக்கொண்டே போனேன். ஒளி தோன்றிய இடம் என்று என் கண்ணுக்குத் தெரிந்த இடத்துக்கு ஐந்து கை வந்தது, திசை தென்கிழக்கு. அது மறைந்த பைன் உச்சிக்கு மூன்று கை. திசை ஏறக்குறைய நேர் தெற்கு. ஆகவே அது நேர் கீழே விழவில்லை. இடமிருந்து வலமாக வானத்தைக் குறுக்கே கடந்திருக்கிறது. அடுத்து, பையைத் தூக்கிப் பிடித்து, கண்ணை உயர்த்தி, ஒளி போன வழியே தலையைத் திருப்பி, அன்று நடந்ததையெல்லாம் அப்படியே மீண்டும் செய்து, கைபேசியில் நேரம் பார்த்தேன். மூன்றரை வினாடி. மறுபடி செய்தேன். நான்கு. என்ன செய்தும் பத்து வினாடி வரவில்லை.

அங்கேயே வண்டிக்குள் உட்கார்ந்து ஒரு தாளில் கணக்குப் போட்டேன். மூன்று கை என்றால் முப்பது பாகை. 27 மைல் என்பது 43 கிலோமீட்டர். முப்பது பாகை உயரத்தில் தெரியும் ஒரு பொருள் 43 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தால், அதற்கு நேர் கீழே உள்ள தரை என்னிடமிருந்து எழுபது சொச்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். வரைபடத்தில் ஆல்ஃபரெட்டாவிலிருந்து மெக்டொனாவுக்கு நேர்கோட்டில் அளந்தேன். ஏறத்தாழ 70. என் உடம்பு சிலிர்த்தது என்பதை எழுதத்தான் வேண்டும். நாசா சொன்ன கணக்கோடு என் மூடிய கை ஒத்துப்போனது. அதே நேரத்தில், சனிக்கிழமை இரவு நான் அத்தனை பேரிடமும் இரண்டு மைல் என்று சொன்னதும் நினைவுக்கு வந்தது.

எழுபது கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதை இரண்டு மைலுக்குள் விழுந்ததாக நம்புவது என் ஒருவனின் பிழை அல்ல என்று பிறகு தெரிந்துகொண்டேன். தீப்பந்தைப் பார்த்தவர்களுள் மிகப் பலர் அடுத்த வயலில், அடுத்த குன்றுக்குப் பின்னால் விழுந்தது என்றே சொல்கிறார்கள். வானத்தில் அளவு தெரிவதற்கு ஒப்பிட ஒன்றும் இல்லை. வேகத்தைக் கண்டு கண் தூரத்தைக் குறைத்துக்கொள்கிறது. எரிந்துகொண்டே தரையில் விழுந்தது என்று சொன்னதும் அப்படிப்பட்டதுதான். அந்த ஒளி, பெரும் வேகத்தில் பாயும் பாறை தனக்கு முன்னால் உள்ள காற்றை நெருக்கிச் சூடாக்குவதாலும், அந்தச் சூட்டில் பாறையின் மேற்பரப்பு ஆவியாகிப் போவதாலும் உண்டாவது. வேகம் குறைந்ததும் ஒளி அணைந்துவிடும். எஞ்சிய துண்டுகள் அதற்குப் பிறகு பல கிலோமீட்டர் தூரத்தை ஒளியில்லாமல், மணிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில், எந்தச் சாதாரணக் கல்லையும் போல விழுகின்றன. இதை இருண்ட வீழ்ச்சி என்கிறார்கள். நான் வண்டிக் கதவைத் திறந்துகொண்டிருந்த நேரத்தில் மெக்டொனா வீட்டுக் கல் இன்னும் வானத்திலேயே இருந்திருக்கும். நான் பார்த்ததும் விழுந்ததும் ஒரே பாறையின் இரு வேறு நிகழ்ச்சிகள். இரண்டாவதை நான் பார்க்கவே இல்லை.

சத்தம்

தூரம், திசை, நேரம் மூன்றையும் திருத்திக்கொண்டேன். அதில் எனக்கு வருத்தம் இருக்கவில்லை. கண் ஏமாறும் என்று யாருக்கும் தெரியும். ஆனால் சத்தத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அந்த "சர்ர்ர்" என் காதில் அவ்வளவு தெளிவாக இருந்தது.

ஒளி மறைந்த இடம் என்னிடமிருந்து எண்பது கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து ஒலி வந்து சேர நான்கு நிமிடத்துக்கும் மேல் ஆகும். அதற்குள் நான் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஏசியைப் போட்டு, சாலைக்கே வந்துவிட்டிருந்தேன். மெக்டொனாவைச் சுற்றிப் பலர் கேட்ட பெருவெடிச் சத்தம் எனக்கு வந்திருந்தாலும் அது பிறகுதான் வந்திருக்கும். ஒளியோடு கூடவே வந்திருக்க முடியாது. ஆனால் இந்தக் கேள்வி எனக்கு முன்னாலும் பலரை அலைக்கழித்திருக்கிறது என்பதைப் படித்தபோது தைரியம் வந்தது. 1719இல் இங்கிலாந்தின் மேல் சென்ற ஒரு பெருந்தீப்பந்தைப் பற்றிப் பல ஊர்களிலிருந்து வந்த சாட்சியங்களை எட்மண்ட் ஹாலி தொகுத்தார். வால்மீனுக்குப் பெயர் தந்த அதே ஹாலிதான். அந்த ஒளி கடந்தபோதே சீறும் சத்தம் கேட்டதாகச் சிலர் சொன்னதை வெறும் கற்பனையின் விளைவு என்று அவர் ஒதுக்கினார். மூன்று நூற்றாண்டு கழித்து, 2017இல், அமெரிக்காவின் சான்டியா ஆய்வகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஸ்பால்டிங்கும் உடன் ஆய்ந்தவர்களும் அதற்கு ஒரு வழி இருக்கலாம் என்று காட்டினார்கள். மிகப் பிரகாசமான தீப்பந்தின் ஒளி மிக விரைவாகத் துடிக்கும்; அந்தத் துடிப்பு தலைமயிர், கருந்துணி, இலை போன்றவற்றை விட்டுவிட்டுச் சூடாக்க, அவற்றை ஒட்டிய காற்று அதிர்ந்து மெல்லிய சீறல் பிறக்கலாம் என்பது அவர்கள் விளக்கம். என் முன்னால் பைன் மரங்கள் வரிசையாக நின்றன அல்லவா? என் தலைமயிரும் கறுப்புத்தானே? எனக்கு உண்டான மகிழ்ச்சிக்கு அளவில்லை. நான் கேட்ட சத்தத்துக்கு விஞ்ஞானமே சாட்சி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அந்த மகிழ்ச்சியோடு, வழக்கமான ஞாயிற்றுக்கிழமை அழைப்பில், திருநெல்வேலியில் இருக்கும் அம்மாவிடமும் தம்பியிடமும் முழுக் கதையையும் சொன்னேன். அம்மா முதலில் கேட்டது, "பாத்த ஒடனே பச்ச மரத்தப் பாத்தியாப்பா?" என்றுதான். எரிநட்சத்திரம் விழுவதைக் கண்டால் உடனே பச்சை மரத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவர் தன் தாயிடம் கற்றது. பச்சை மரத்துக்குப் பின்னால்தான் அம்மா அது போயிற்று என்றதும் அவருக்கு நிம்மதி. பிறகு தம்பி, சற்றுத் தயங்கி, "அண்ணே, அன்னைக்கு அனுப்புனதுல சத்தமே இல்லன்னுல்லா சொன்னீங்க?" என்றான்.

எதை அனுப்பினேன் என்று எனக்கு நினைவில்லை. வாட்ஸ்அப்பைத் திறந்து மேலே தள்ளிக்கொண்டே போனேன். வியாழக்கிழமை, 12:27. முப்பத்தெட்டு வினாடிக் குரல்பதிவு. வண்டிக்குள் உட்கார்ந்ததும் பேசி அனுப்பியிருக்கிறேன். அழுத்தினேன். மூச்சு வாங்கிக்கொண்டு பேசும் என் குரல்: "தம்பி, இப்ப ஒண்ணு பாத்தேன். பட்டப்பகல்ல. வெள்ளையா, வெல்டிங் வெளிச்சம் மாரி. எடப்பக்கமிருந்து வலப்பக்கமா சாஞ்சு எறங்கி மரத்துக்குப் பின்னால போயிட்டு. ஒரு சத்தம் இல்ல. அவ்வளவு பெருசு, ஒரு சத்தமும் இல்ல தம்பி. அதான் எனக்குப் பயமா இருந்துச்சு."

இதை நான் நான்கைந்து முறை கேட்டேன். சத்தம் இல்லை என்பதை நான் போகிற போக்கில் சொல்லியிருக்கவில்லை. அந்தக் காட்சியில் என்னை அதிகம் உலுக்கியதே அதன் மௌனம்தான். அவ்வளவு பெரிய ஒன்று வானத்தைக் கிழித்துக்கொண்டு போகிறது; காதுக்கு வந்தது கடை வாசலில் யாரோ தள்ளுவண்டியை உருட்டும் ஓசை மட்டுமே. அந்த அச்சத்தைத்தான் நான் முதலில் என் தம்பிக்குச் சொல்லியிருக்கிறேன். மூன்றே நாளில் அதை முற்றிலும் இழந்து, அதன் இடத்தில் ஒரு சீறலை வைத்துக்கொண்டு, அதற்கு ஆதாரமாக ஆய்வுக் கட்டுரையும் தேடிப் பிடித்திருக்கிறேன். ஸ்பால்டிங் குழுவின் விளக்கத்தில் குறையொன்றும் இல்லை. அது உண்மையில் கேட்டவர்களுக்கு உரியது. நான் கேட்கவில்லை. குரல்பதிவைக் கேட்ட பிறகும்கூட, கண்ணை மூடினால் "சர்ர்ர்" வருகிறது. இன்றும் வருகிறது.

அது எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். காணொளிகளில் சாலையில் டயர் உரசும் இரைச்சல் இருந்தது. செய்திகளில் வெடிச்சத்தம் பற்றிய பேச்சு இருந்தது. விருந்தில் கேட்டவர்கள் முகத்தில், "சத்தம் எப்படி இருந்தது?" என்ற எதிர்பார்ப்பு இருந்தது; உண்மையிலேயே ஒருவர் அப்படிக் கேட்டார் என்றும் நினைக்கிறேன். கேட்டவருக்கு விடை சொல்லாமல் இருப்பது மரியாதையில்லை என்பது போல, என் நினைவு ஒன்றை உண்டாக்கிக் கொடுத்திருக்கிறது.

மற்ற சாட்சிகள்

அதற்குப் பிறகு, பகலில் தீப்பந்து கண்ட மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடிப் படித்தேன். பிரான்சின் லேக்ல் ஊரில் 1803 ஏப்ரல் 26 அன்று, நண்பகல் கழிந்து ஏறத்தாழ ஒரு மணிக்கு, வானத்திலிருந்து மூவாயிரத்துக்கு மேற்பட்ட கற்கள் விழுந்தன. வானத்திலிருந்து கல் விழும் என்பதைப் படித்தவர்களுள் பலர் அன்று ஏற்கவில்லை. ஷான்-பாப்டிஸ்ட் பியோ என்ற இளம் இயற்பியலாளரை அரசு விசாரிக்க அனுப்பியது. அவர் நேராக லேக்லுக்குப் போகவில்லை. முதலில் தொலைவில் உள்ள ஊர்களில் கேட்டுக்கொண்டே வந்தார். கான் போன்ற தூரத்து ஊர்களில் தீப்பந்தைக் கண்டிருந்தார்கள். லேக்லைச் சுற்றியிருந்தவர்களோ தீப்பந்தைக் காணவில்லை. ஒரு சிறிய மேகத்தைக் கண்டார்கள், வெடிகளைக் கேட்டார்கள், கற்கள் விழுவதைப் பார்த்தார்கள். தனித்தனியே எடுத்தால் ஒன்றையொன்று மறுக்கும் சாட்சியங்கள் போலத் தோன்றும். பியோ எவரையும் பொய்யராக்கவில்லை. அவரவர் நின்ற இடத்தில் அவரவருக்குத் தெரிந்தது அது என்று ஏற்று, எல்லாவற்றையும் வரைபடத்தில் சேர்த்தார். அப்படிச் சேர்த்தபோதுதான் கல் வானத்திலிருந்து வந்தது என்பதை மறுக்க முடியாமல் போனது. அருகில் இருந்தவர்களுள் ஒருவர், பக்கத்து ஊரார் பேச்சைக் கேட்டுத் தானும் தீப்பந்தைப் பார்த்ததாகச் சேர்த்துச் சொல்லியிருந்தால் அந்த வரைபடம் என்னவாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

நம் புறநானூற்றின் 229ஆம் பாடலைப் பல ஆண்டுகளுக்குப் பின் மறுபடி எடுத்தேன். பகலில் கண்டது அல்ல, நள்ளிரவில் விழுந்த மீன் அது. சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறப்பதற்கு ஏழு நாள் முன்பு கூடலூர் கிழார் கண்டது. கல்லூரியில் படித்தபோது அதை ஓர் இரங்கற்பாவாக மட்டுமே படித்தேன். இப்போது வியப்பாக இருந்தது: பங்குனியின் முதற்பாதி, இருள் செறிந்த நள்ளிரவு, எந்த நாள்மீன் (நட்சத்திரம்) உச்சியிலிருந்து சாய்ந்தது, எது எதிரே எழுந்தது, எது தாழ்ந்தது, விழுந்த மீன் கிழக்கேயும் போகாமல் வடக்கேயும் போகாமல் எப்படிச் சென்றது என்று வரிவரியாகச் சொல்லிவிட்டுத்தான், நாங்கள் அஞ்சினோம் என்கிறார் அவர். அரசனுக்குத் தீங்கு வரும் என்பது அவர் கொண்ட பொருள். அந்தப் பொருளை இன்று நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆனால் அந்தப் பொருள் அவர் கண்டதைத் தொட்டு மாற்றவில்லை. ஏழு நாள் கழித்து, அரசனை இழந்த துயரத்தில் பாடும்போதும், மாதமும் நேரமும் திசையும் அப்படியே நிற்கின்றன. மூன்று நாள் தாங்காத என் சாட்சியத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஞாயிறு இரவு மறுபடி படிவத்தைத் திறந்தேன். தொடக்கம்: தென்கிழக்கு, 50 பாகை. முடிவு: தெற்கு, 30 பாகை. காலம்: 4 வினாடிக்குள். நிறம்: வெள்ளை. ஒளியோடு கூடிய சத்தம்: இல்லை. பிந்திய சத்தம்: வண்டிக்குள் இருந்தேன். துண்டுகளாக உடைந்ததா என்ற கேள்விக்கு வந்தபோது, காணொளிகளில் அது உடைவதை நன்றாகப் பார்த்திருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது. தெரியாது என்று குறித்தேன். குறிப்புக்கு விட்டிருந்த இடத்தில் இரண்டு வரிகள் எழுதினேன். திசையும் பாகையும் மூன்று நாள் கழித்து அதே இடத்தில் நின்று அளந்தவை. நிறம், சத்தம் இரண்டும் நிகழ்வு முடிந்த சில நிமிடங்களில் என் தம்பிக்கு அனுப்பிய குரல்பதிவிலிருந்து எடுத்தவை, இப்போதைய என் நினைவிலிருந்து அல்ல.